மேற்கே மின்னும்போது கிழக்கே கடலில் இருந்தால்: கோடை இடிமழையும் சிறு படகுகளும்

நீலாங்கரைவாசி

அனைவருக்கும் வணக்கம். சென்ற சித்திரை மாதக் கடைசியில் எனக்கு நேர்ந்த ஒன்றை எழுதிவிட்டு, கடலை அறிந்தவர்களிடம் சில ஐயங்களைக் கேட்க விரும்புகிறேன்.

தூண்டில் போட்டு மீன் பிடிக்கும் ஆசையில் நாங்கள் நால்வர், சென்னையை அடுத்த கோவளத்துக்குச் சற்று வடக்கே உள்ள ஒரு குப்பத்திலிருந்து ஃபைபர் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு பிற்பகல் மூன்று மணிக்குப் புறப்பட்டோம். படகோட்டி ஐந்தாவது ஆள். கரையிலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருந்தோம். அதுவரை தென்கிழக்கிலிருந்து இதமாக வீசிக்கொண்டிருந்த கடற்காற்று ஆறு மணிக்குச் சற்று முன்பு அடியோடு நின்றுபோய், தண்ணீர் எண்ணெய் ஊற்றியதுபோல் மழமழப்பானது. மேற்கே கரைக்கு மேல் மேகம் பெரிதாக எழும்பி, அதன் உச்சி தட்டையாகப் பரவி எங்கள் தலைக்கு மேலேயே வந்துவிட்டிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பாரை மீன்கள் கடிக்கத் தொடங்கிவிட்டன. "இன்னும் அரை மணி நேரம் இருந்து பார்க்கலாம்" என்று நாங்களே சொன்னோம். படகோட்டியைக் குறை கூற மாட்டேன்.

அரை மணி நேரம் கிடைக்கவில்லை. குளிர்ந்த காற்று ஒன்று கரைப்பக்கத்திலிருந்து வந்து அறைந்தது. ஐந்து நிமிடங்களில் நிற்க முடியாத நிலை. மழை இறங்கியதும் கரை விளக்குகள் மறைந்தன. செங்குத்தாக நிறுத்தியிருந்த எங்கள் கார்பன் தூண்டில் கம்பிகள் 'உஸ்' என்று இரைந்தன. பின்பக்கம் வழியாக அலை ஏறி என்ஜின் நின்றது. உயிர்காப்புச் சட்டைகள் இருந்தன, ஆனால் அவை படகின் முன்பகுதியான அணியத்துக்குள் ஐஸ் பெட்டிக்கு அடியில் இருந்ததால் எடுக்க முடியவில்லை. என் நண்பர் ஒருவர் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லிக்கொண்டே ஐஸ் பெட்டியின் மூடியால் தண்ணீரை இறைத்தார். இரவு ஒன்பதரைக்குக் கரை சேர்ந்தோம். அதற்குள் காற்று எங்களை இன்னும் கிழக்கே தள்ளியிருந்தது.

என் கேள்விகள்: நாங்கள் திரும்பியிருக்க வேண்டிய சரியான தருணம் எது? காற்று பிடித்துக்கொண்ட பிறகு கரையை நோக்கி ஓடுவதா, இருந்த இடத்திலேயே சமாளிப்பதா? அந்தக் கம்பிகள் இரைந்ததன் பொருள் என்ன?

காசிமேட்டு டிரைவர்

தம்பி, உயிரோடு வந்து எழுதுகிறீர்களே, அதற்கு முதலில் மகிழ்ச்சி. நான் காசிமேட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விசைப்படகு ஓட்டியவன், இப்போது கரையில் இருக்கிறேன்.

உங்கள் முதல் கேள்விக்கான விடை உங்கள் பதிவிலேயே இருக்கிறது. சித்திரை, வைகாசி, ஆனி மாதங்களில் மாலை நேரத்தில் கடற்காற்று படிப்படியாகத் தணிந்தால் அது இயல்பு. சட்டென்று நின்றால் அது இயல்பு அல்ல. எதிரே வருகிற ஒன்று அதைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது என்று பொருள். காற்று செத்து, உடம்பில் புழுக்கம் ஏறி, மேற்கிலிருந்து ஈர மண் வாசனை வந்துவிட்டால் உங்களுக்கு மீதமிருப்பது பத்து, பதினைந்து நிமிடங்கள்தான். ஆகவே அந்த அடையாளம் தெரிந்த பிறகு திரும்புவது தாமதம். தலைக்கு மேல் மேகத்தின் தட்டையான உச்சி பரவியதைப் பார்த்தபோதே நீங்கள் பாதி வழியில் இருந்திருக்க வேண்டும்.

இன்னொன்று சொல்கிறேன். கடலுக்குப் போனவனுடைய கண் கிழக்கையே பார்த்துக்கொண்டிருக்கும். புயல் கிழக்கிலிருந்து வருகிறது என்று பிறந்தது முதல் கேட்டு வளர்ந்துவிட்டோம். கோடை இடி மேற்கிலிருந்து, நம் முதுகுக்குப் பின்னாலிருந்து, திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கமாக வரும். அந்தக் காற்றைக் கச்சான் என்போம். கச்சான் கரையிலிருந்து வீசுவதால் கரையோரத்தில் அலை எழும்பாது. குப்பத்தில் நிற்பவனுக்குக் கடல் குளம்போல் தெரியும். ஆனால் வெளியே போகப் போகக் காற்று ஓடும் தூரம் கூடுகிறது, அலையும் கூடுகிறது. பன்னிரண்டு கிலோமீட்டரில் அது நெருக்கமான, குட்டையான, செங்குத்தான அலையாக இருக்கும். உயரம் பெரிதில்லை, ஒரு மீட்டர்தான் இருக்கலாம். அடுத்தடுத்து வருகிற நெருக்கம்தான் சிறு படகைக் கவிழ்க்கிறது. அந்த மாதங்களில் நீரோட்டம் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே போகும். காற்று ஒரு திசை, நீரோட்டம் ஒரு திசை என்று குறுக்கிட்டால் தண்ணீர் கொதிப்பதுபோல் ஆகிவிடும்.

மேகம் பார்ப்பவன்

டிரைவர் ஐயா அனுபவத்தால் சொன்னதற்கு வானிலை நூல் சொல்லும் காரணத்தையும் சேர்த்துவிடுகிறேன்.

கோடையிலும் தென்மேற்குப் பருவ மாதங்களிலும் சென்னைக்கு மேலே வளிமண்டலத்தின் நடு உயரங்களில் காற்று மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வீசுகிறது. பகலில் உள்நாட்டு நிலம் கொதித்துக்கிடக்கும்போது கடற்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு உள்ளே நுழைகிறது. இவ்விரண்டும் சந்திக்கிற கோட்டில், சித்தூர் மலைகளுக்கும் திருத்தணி, அரக்கோணம் பகுதிக்கும் இடையே, பிற்பகலில் மேகங்கள் எழும்புகின்றன. மேல்காற்று அவற்றைக் கிழக்கு நோக்கித் தள்ளிக்கொண்டு வருகிறது. "அந்தி மழை அழுதாலும் விடாது" என்ற பழமொழி நம் ஊருக்கு நன்றாகவே பொருந்துகிறது. சென்னையின் ஆண்டு மழையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை, பெரும்பாலும் இப்படி மாலையிலும் இரவிலும் இடியோடு பெய்வதுதான்.

மேகத்திலிருந்து விழும் மழையின் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிறது. அதனால் சுற்றியுள்ள காற்று குளிர்ந்து, கனத்து, தரையில் மோதி நாற்புறமும் பரவுகிறது. நீலாங்கரைவாசியை அறைந்த குளிர்ந்த காற்று இதுவே. இது மழைக்கு முன்னால் பல கிலோமீட்டர் ஓடி வரும். கடலில் மரமோ கட்டடமோ இல்லாததால் நிலத்தைக் காட்டிலும் அங்கே வேகம் கூடுதலாக இருக்கும். மேகம் கரையை அடையுமுன் வலுவிழந்து கலைந்துவிட்டாலும் அது அனுப்பிய காற்று கலைவதில்லை. ஒரு சொட்டு மழைகூட இல்லாமல் வெறும் காற்று மட்டும் வந்து படகைப் புரட்டக்கூடும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். மேகக் கூட்டம் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் நகர்வதாக வைத்துக்கொள்ளுங்கள். திருவள்ளூர் கடற்கரையிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். அதாவது திருவள்ளூரில் இடி இடிக்கும்போது கரைக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக மீதமிருக்கிறது. முன்னே ஓடி வரும் காற்றுக்கு அதிலிருந்து கால் மணி நேரத்தைக் கழித்துவிடுங்கள். மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் போகிற ஃபைபர் படகு பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலிருந்து கரை சேர ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே திருவள்ளூரில் மேகம் இருக்கும்போது புறப்பட்டால் ஓட்டப் பந்தயம். அரக்கோணத்தில் இருக்கும்போது புறப்பட்டால் நிம்மதி. அந்த நேரத்தில் கடலில் உங்களுக்குத் தெரியக்கூடிய அடையாளம் பெரிதாக எதுவும் இருக்காது. வெயில் அடிக்கும், மீன் கடிக்கும்.

அதனால்தான் ராடார் படத்தை நம்பச் சொல்கிறேன். சென்னைத் துறைமுகப் பகுதியில் 2002இல் நிறுவப்பட்ட டாப்ளர் ராடாரின் படங்களை இந்திய வானிலை ஆய்வுத் துறையின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். பள்ளிக்கரணையிலும் ஒன்று இருக்கிறது. பிற்பகல் இரண்டு மணி முதல் அரை மணிக்கொரு முறை பார்த்தால், எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்பது யாருக்கும் பிடிபட்டுவிடும். வலுவான மேகத்துக்கு முன்னால் மெல்லிய வில்போன்ற கோடு தெரிந்தால், அதுதான் ஓடி வரும் காற்றின் விளிம்பு.

எண்ணூர்க்காரன்

எல்லாம் சரி. ஆனால் இது வலை இல்லாதவர்கள் பேசும் பேச்சாகத் தெரிகிறது.

நாங்கள் மாலையில் வலையை விட்டுவிட்டு இரவெல்லாம் கடலில் கிடந்து விடியற்காலையில் இழுப்பவர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும்; எங்களைப் போன்ற சிறு படகுகள் மட்டுமே கடலில் இருக்கும். நீங்கள் சொல்கிற கோடை இடியின் காலமும் அதுவே. பெரிய படகு பக்கத்தில் இருந்தால் ஓர் ஆபத்துக்கு இழுத்துக்கொண்டு வருவார்கள்; அந்த இரண்டு மாதங்களில் அதுவும் இல்லை.

ஒரு செட் வலைக்கு இலட்சக்கணக்கில் கடன் வாங்கியிருக்கிறோம். அரக்கோணத்தில் மின்னுகிறது என்பதற்காக விரித்த வலையை விட்டுவிட்டு வந்தால், திரும்பிப் போகும்போது அது இருக்குமா? கப்பல் அறுத்துவிட்டுப் போயிருக்கும், அல்லது நீரோட்டம் கொண்டுபோயிருக்கும். அவசரமாக இழுக்கலாம் என்றாலோ, நனைந்த வலையின் கனத்தோடு படகு தாழ்ந்து கிடக்கும் அந்த நேரத்தில்தான் காற்று வந்து சேரும். எங்கள் ஊரில் ஆள் இழந்ததெல்லாம் வலையை இழுக்கும்போதுதான்.

எச்சரிக்கையைப் பற்றியும் ஒரு சொல். சூறைக்காற்று வீசக்கூடும், மீனவர்கள் செல்ல வேண்டாம் என்ற அறிவிப்பு சில மாதங்களில் நாள் தவறாமல் வருகிறது. நாள்தோறும் கேட்டால் காது மரத்துப்போகும். வீட்டில் உட்கார்ந்தால் யார் சோறு போடுவார்கள்?

காசிமேட்டு டிரைவர்

எண்ணூர்த் தம்பி சொல்வதில் பொய் ஏதும் இல்லை. நானும் வலைக்காக நின்று அடிபட்டவன்தான். ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மேகம் தொலைவில் இருக்கும்போது இழுக்கத் தொடங்கினால் வலையும் மிஞ்சும், ஆளும் மிஞ்சுவான். காற்று செத்த பிறகு இழுக்கத் தொடங்கினால் இரண்டும் கேள்விக்குறி. அந்த நேரத்தில் செய்யக்கூடியது, இழுத்த வரையில் நிறுத்தி, மீதியின் நுனியில் விளக்கும் மிதவையும் கட்டி, ஜி.பி.எஸ். கருவியில் இடத்தைக் குறித்துக்கொண்டு, கயிற்றை அறுத்துவிடுவது. அறுப்பதற்குக் கூர்மையான கத்தி கைக்கெட்டும் இடத்தில் செருகியிருக்க வேண்டும். இந்த முடிவைக் கடலில் எடுக்காதீர்கள். கரையிலேயே, புறப்படுமுன், பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து பேசி எடுத்துவிடுங்கள். கடலில் ஒருவன் அறு என்பான், இன்னொருவன் பொறு என்பான். அந்த வாக்குவாதத்துக்கு நேரம் இல்லை.

இழுத்த வலையை, படகின் பின்பகுதியான அமரத்திலேயே குவித்து வைப்பது இன்னொரு தவறு. பின்பக்கம் தாழ்ந்தால் முதலில் முழுகுவது என்ஜின்.

மேகம் பார்ப்பவன்

எச்சரிக்கையைக் குறித்து எண்ணூர்க்காரர் சொன்னது நியாயமான குறை. இரண்டு வகை அறிவிப்புகள் இருக்கின்றன. அவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். மீனவர்களுக்கான பொது எச்சரிக்கை பெரும்பாலும் பருவக்காற்று அல்லது காற்றழுத்தத் தாழ்வு சார்ந்தது. அது பெரிய கடல் பரப்புக்கு, சில நாள்களுக்குச் சேர்த்துச் சொல்லப்படுவது. இடிமழைக்கு உரியது அடுத்த மூன்று மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்பு. நுங்கம்பாக்கத்தில் உள்ள மண்டல வானிலை மையம் இதை மாவட்ட வாரியாக வெளியிடுகிறது. காற்று மணிக்கு 41 முதல் 61 கிலோமீட்டர் என்றால் மிதமான இடிமழை, 62 முதல் 87 வரை என்றால் கடுமையானது என்று வகை பிரித்திருக்கிறார்கள்.

இதில் சிக்கல் என்னவென்றால் மாவட்டத்தின் எல்லை கரையோடு முடிந்துவிடுகிறது. கடலில் இருப்பவர் தனக்கு எதுவும் சொல்லப்படவில்லை என்று நினைத்துக்கொள்கிறார். ஆகவே நான் நண்பர்களுக்குச் சொல்வது இது: இராணிப்பேட்டை, காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று அறிவிப்பில் பெயர் வந்தால், அதை உங்கள் படகுக்கு வந்ததாகவே படியுங்கள், ஒரு மணி நேரம் தள்ளி.

மின்னலுக்கென்றே 'தாமினி' என்ற செயலி இருக்கிறது. புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தினர் உருவாக்கியது. கைபேசிக் கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் வரை பயன்படும். அதற்கு அப்பால் போகிறவர்கள், கரையில் ஒருவரை வயர்லெஸ் பேச்சுக்கருவியோடு உட்கார வைத்துவிட்டுப் போவது மேல்.

மின்பொறியாளர்

நீலாங்கரைவாசியின் மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை. தூண்டில் கம்பிகள் இரைந்தது மிகக் கடுமையான எச்சரிக்கை. மேகத்தின் மின்னேற்றம் தலைக்கு மேல் வந்துவிட்டதால், உயர்ந்து நிற்கும் கூர்மையான கடத்தியின் நுனியில் காற்று அயனியாகி மின்சாரம் கசிகிறது. மயிர் சிலிர்ப்பதும், காதோரம் ஊர்வதுபோல் தோன்றுவதும் இதே காரணத்தால்தான். அடுத்த நொடியில் அங்கே மின்னல் இறங்கலாம், இறங்காமலும் போகலாம். கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும் பொருள். கம்பிகளை மேகம் நெருங்குமுன்பே கிடத்தியிருக்க வேண்டும். இரையத் தொடங்கிய பிறகு அவற்றைத் தொடுவதே ஆபத்து.

திறந்த ஃபைபர் படகில் பாய்மரமோ கூரையோ இல்லாததால், சமமான கடற்பரப்பில் உயர்ந்து நிற்கும் பொருள் நின்றுகொண்டிருக்கும் மனிதர்தான். ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது என்பதை நம் ஆட்கள் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். அது நேர்மாறானது. கடத்தாத உடலில் மின்னல் தனக்கு வழி தேடி, மனிதர் வழியாகவும் என்ஜின் வழியாகவும் பாய்ந்து, சில வேளைகளில் படகின் அடியைத் துளைத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்குகிறது. இரும்பு உடல் கொண்ட விசைப்படகின் அறைக்குள் இருப்பவர் கிட்டத்தட்ட காருக்குள் இருப்பவரைப் போன்றவர். எதையும் பற்றாமல் இருந்தால் போதும்.

எனவே திறந்த படகில் நடுப்பகுதியில் தாழ உட்காருங்கள். படுத்துக்கொள்ள வேண்டாம். என்ஜின், ஆன்டெனா, ஈரக் கயிறு, வலை ஆகியவற்றிலிருந்து இயன்றவரை விலகியிருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு உலோகப் பொருள்களைப் பற்றாதீர்கள். கையைத் தண்ணீருக்குள் விடாதீர்கள். என்ஜினைப் பிடிக்க வேண்டியவர் ஒருவர் இருப்பார், அவருக்கு வேறு வழியில்லை. அவரும் ஒரு கையால் பிடிக்கட்டும். இரப்பர் செருப்பு காக்கும் என்பது கதை. பல கிலோமீட்டர் காற்றைப் பிளந்துகொண்டு வருவதற்கு அரை அங்குல இரப்பர் ஒரு பொருட்டே அல்ல. கைபேசி மின்னலை இழுக்கும் என்பதும் கதைதான்.

மரப் படகிலோ கூரையுள்ள படகிலோ முறையான இடிதாங்கி வைக்க விரும்புபவர்கள், உச்சியிலிருந்து தண்ணீர் வரை வளைவில்லாமல் தடித்த செம்புக் கம்பியை இறக்கி, அடியில் குறைந்தது ஓர் அடிக்கு ஓர் அடி அளவுள்ள செம்புத் தகட்டோடு இணைக்க வேண்டும். கம்பியின் குறுக்குப் பரப்பு 21 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இது மின்னல் விழாமல் தடுக்காது. விழுந்தால் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை மட்டும் தீர்மானிக்கும்.

இன்னொரு சிறு உத்தி. கையில் எடுத்துச்செல்லும் ஜி.பி.எஸ்., பேச்சுக்கருவி, கைபேசி ஆகியவற்றில் ஒன்றையாவது மூடியுள்ள எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடி வையுங்கள். அருகில் மின்னல் விழுந்து மற்றவை செத்தாலும் அது பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம். சோறு கொண்டுபோன தூக்கு இரண்டாவது முறை பயன்படும்.

துறைமுகப் பாய்மரக்காரி

சென்னைத் துறைமுகத்துக்குள் சிறு பாய்மரப் படகுகளில் பயிற்சி எடுப்பவள் நான். எங்கள் படகின் கதையே வேறு: உலோகப் பாய்மரம் என்பது நாமே தூக்கி நிறுத்திய இடிதாங்கி. இடிச் சத்தம் காதில் விழுந்தாலே பயிற்சியாளர் எல்லோரையும் கரையேற்றிவிடுவார்; கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழியாமல் மீண்டும் இறங்க விடமாட்டார். மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று நொடி என்றால் ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு. என்ஜின் சத்தத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அவ்வளவாக உதவாது; இடி கேட்கும்போது அது ஏற்கெனவே மிக அருகில் வந்திருக்கும்.

உயிர்காப்புச் சட்டையைப் பற்றி ஒரு வரி. ஐஸ் பெட்டிக்கு அடியில் இருக்கும் சட்டை கரையில் இருக்கும் சட்டைக்குச் சமம். காற்றடிக்கும்போது அதை மாட்டுவதற்கு இரண்டு கைகள் வேண்டும், அப்போது இரண்டு கைகளும் வேறு எதையோ பற்றிக்கொண்டிருக்கும். புழுக்கமாக இருக்கிறது, வேர்க்கிறது என்பதெல்லாம் எனக்கும் தெரியும்.

நீலாங்கரைவாசி

அனைவருக்கும் நன்றி. தூக்கு யோசனையை வீட்டில் சொன்னேன், "முதலில் கடலுக்குப் போகாமல் இருக்கிற யோசனை ஏதாவது சொல்கிறார்களா" என்று கேட்டார்கள்.

இரண்டாவது கேள்வி இன்னும் நிற்கிறது. ஓடுவதா, நிற்பதா? எங்கள் படகோட்டி படகைத் திருப்பி, காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு ஓட்டப் பார்த்தார். அப்போதுதான் பின்பக்கம் அலை ஏறியது.

காசிமேட்டு டிரைவர்

அதுதான் செய்யக் கூடாதது. பின்பக்கம் தாழ்ந்த படகு. அதன் அமரத்தைக் காற்றுக்குக் கொடுத்தால் அலை உள்ளே வராமல் என்ன செய்யும்? பக்கவாட்டைக் கொடுத்தால் புரளும். அணியத்தைத்தான் காற்றுக்குக் கொடுக்க வேண்டும்.

மேற்கிலிருந்து காற்று வரும்போது ஓடுவதா நிற்பதா என்ற கேள்விக்கே இடமில்லை என்பதைக் கவனியுங்கள். அணியத்தைக் காற்றுக்கு நேராக வைத்தால் அது கரையை நோக்கித்தான் இருக்கும். விசையைக் குறைத்து, படகு அலையில் ஏறி இறங்கும் அளவுக்கு மட்டும் மெதுவாக மேற்கே ஊர்ந்துகொண்டே இருங்கள். முதல் இருபது, முப்பது நிமிடங்கள் முன்னேற்றம் இருக்காது. இருக்க வேண்டியதும் இல்லை, பின்னால் போகாமல் இருந்தால் போதும். ஒவ்வொரு கிலோமீட்டர் கரையை நெருங்கும்போதும் அலை சிறுத்துக்கொண்டே வரும். என்ஜின் நின்றுவிட்டால் நங்கூரத்தை அணியத்திலிருந்து போடுங்கள், ஆழத்தைப் போல் ஐந்து மடங்குக்குக் குறையாமல் கயிறு விடுங்கள். ஆழம் அதிகமாக இருந்து நங்கூரம் எட்டாவிட்டால், ஒரு கூடையையோ வலைச் சுருளையோ கயிற்றில் கட்டி அணியத்திலிருந்து இழுபட விடுங்கள். படகு தானாகவே முகத்தைக் காற்றுக்குத் திருப்பிக்கொள்ளும், தள்ளப்படும் வேகமும் குறையும். அமரத்திலிருந்து எந்தக் காரணத்தைக் கொண்டும் நங்கூரம் போடாதீர்கள்.

கரையை நெருங்கியதும் அவசரப்பட வேண்டாம். மழை மறைப்பில், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுக் கற்களும் துறைமுகச் சுவரும் தெரியாது. அலை உடையும் இடத்துக்கு வெளியே, ஐந்து ஆறு பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறு அடி) ஆழத்தில் நங்கூரமிட்டு, மழை விட்ட பிறகு ஏறுங்கள். முகத்துவாரம் வழியாக நுழைபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஆற்றிலிருந்து வெளியேறும் நீரும் உள்ளே வரும் அலையும் மோதும் இடம் அது.

கப்பல்களையும் மறந்துவிடாதீர்கள். சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி என்று மூன்று துறைமுகங்களுக்கு வருகிற கப்பல்கள் வெளியே நின்றுகொண்டிருக்கும். கனமழையில் அவர்களுடைய ராடாரிலும் ஃபைபர் படகு தெரியாது. ஒதுங்கலாம் என்று நின்ற கப்பலின் மறைவுக்குப் போகாதீர்கள். காற்றுத் திரும்பும்போது கப்பலும் தன் நங்கூரத்தைச் சுற்றித் திரும்பும்.

எண்ணூர்க்காரன்

இந்த இடத்தில் ஒரு திருத்தம், ஐயா. நீங்கள் சொன்னது கச்சானுக்கு மட்டும்தான் பொருந்தும். ஐப்பசியில் இதையே செய்தால் நேர்விபரீதமாகும் என்பதையும் எழுதிவிடுங்கள், படித்துவிட்டு யாராவது அப்போதும் கரையை நோக்கி ஊரப்போகிறார்கள்.

காசிமேட்டு டிரைவர்

சரியாகப் பிடித்தீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி கடலிலிருந்து வரும், பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும். ஈசான மூலையில் மின்னினால் மழை என்பார்களே, அந்தக் காலம். காற்று கிழக்கிலிருந்து கொண்டலாகவோ வடக்கிலிருந்து வாடையாகவோ இருக்கும். அது கரையை நோக்கித் தள்ளும். கரையோரத்தில்தான் அலை மிகப் பெரிதாக உடையும். அப்போது அணியத்தைக் காற்றுக்குக் கொடுத்தால் முகம் கடலைப் பார்த்திருக்கும், கரையிலிருந்து விலகியே நிற்க வேண்டும். கோடையில் கரை நண்பன், அடைமழையில் கரை பகைவன். ஒரே படகு, ஒரே கடல், ஆனால் எந்த மாதம் என்று பார்க்காமல் பழக்கத்தில் கை போனால் தவறிவிடும்.

மருத்துவம் பார்ப்பவள்

ஒரு துணைக் குறிப்பு. மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது. தொட்டால் நமக்கும் அடிக்கும் என்று விலகி நின்று உயிரை இழக்க விட்டிருக்கிறார்கள். மின்னலில் உடனடி மரணம் பெரும்பாலும் இதயம் நிற்பதால் நேர்கிறது. இதயம் பல வேளைகளில் தானாகவே மீண்டும் துடிக்கத் தொடங்கும், ஆனால் மூச்சை இயக்கும் மூளைப் பகுதி அதைவிட நீண்ட நேரம் முடங்கிக் கிடக்கும்; மூச்சு கிடைக்காததால் இதயம் இரண்டாவது முறையாக நின்றுபோகும். இந்த இடைவெளியில் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுப்பதே ஆளைக் காப்பாற்றுகிறது. நாடித்துடிப்பு இல்லையென்றால் மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும், முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு.

படகில் இருவர் மூவர் அடிபட்டிருந்தால் வழக்கத்துக்கு மாறாக, அசைவின்றிக் கிடப்பவரை முதலில் கவனியுங்கள். அலறிக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் பிழைத்துவிடுவார். சிலருக்குக் கால்கள் நீலம் பாரித்து, மரத்துச் செயலிழந்துபோகும். பெரும்பாலும் சில மணி நேரத்தில் தானே சரியாகிவிடும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம், ஆனால் கரையேறியதும் மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தவறவும் வேண்டாம்.

துறைமுகப் பாய்மரக்காரி

உதவி கேட்கும் எண்களையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. வி.எச்.எஃப். கருவி (படகில் வைக்கும் வானொலிப் பேச்சுக்கருவி) இருந்தால் 16ஆம் அலைவரிசை. அழைத்தவுடன் முதலில் இடத்தைச் சொல்லுங்கள், பிறகு ஆள்களின் எண்ணிக்கை, அதன்பின் என்ன ஆயிற்று என்பது. இணைப்பு எப்போது அறுந்துபோகும் என்று சொல்ல முடியாதல்லவா.

நீலாங்கரைவாசி

மீண்டும் நன்றி. நண்பர்களோடு பேசிச் சிலவற்றை முடிவு செய்திருக்கிறோம். வைகாசி, ஆனியில் பிற்பகல் பயணம் இல்லை. விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டு நண்பகலுக்குள் திரும்பிவிடுவோம். என் தம்பி கரையில் உட்கார்ந்து ராடாரைப் பார்ப்பான். அரக்கோணத்தைத் தாண்டிக் கிழக்கே வண்ணம் ஏறினால் அவன் அழைப்பான், நாங்கள் காரணம் கேட்காமல் திரும்புவோம். சட்டைகளைக் கரையிலேயே மாட்டிக்கொண்டு ஏறுவோம்.

படகோட்டியிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, கத்தியைச் செருக அணியத்தின் உட்புறத்தில் தோல் உறை ஒன்றைத் தைத்து அடித்திருப்பதைக் காட்டினார். அன்றைக்கு மறுநாளே செய்துவிட்டாராம்.

எண்ணூர்க்காரன்

உறையை அணியத்தில் அடித்தது சரி. அமரத்திலும் ஒன்று அடிக்கச் சொல்லுங்கள். என்ஜினைப் பிடித்திருப்பவனால் முன்னால் எழுந்து வர முடியாது.